ஆடிப் பார்க்காத ஆட்டம்

ஹாலோ பெண்ட், மிசிசிப்பி
21 நவம்பர் 1965

அன்புள்ள ஆர்விட்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்த என் மனைவி கோரா, "இத அனுப்பினா அப்புறம் அந்த மனுஷன் உங்களுக்கு எழுதவே மாட்டாரு" என்று கிழித்துப் போட்டுவிட்டாள். இது இரண்டாவது முயற்சி.

"நீங்கள் 54க்கு 0 என்று ஜெயிப்பது உங்கள் பலத்தைக் காட்டவில்லை, எதிரியின் பலவீனத்தைக் காட்டுகிறது" என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வருஷமாக இதே பாட்டு. கொரியாவில் ஒரே கூடாரத்தில் படுத்து, படைப்பிரிவின் அமெரிக்கக் கால்பந்து அணியில் தோளோடு தோள் நின்று ஆடினோமே, அப்போது நான் பலவீனமானவன் என்று உனக்குத் தோன்றியதில்லை. ஊர் திரும்பி, நீ வெள்ளையர் கல்லூரியிலும் நான் கறுப்பர் கல்லூரியிலும் முன்வரிசைப் பயிற்சியாளர் ஆன பிறகுதான் தோன்றுகிறது.

உங்கள் லீக்கில் பத்துக் கல்லூரி. உங்களுக்குள் மோதிக்கொள்கிறீர்கள், பத்திரிகைக்காரர்கள் கூடி உங்களை நாட்டிலேயே பலமான லீக் என்று எழுதுகிறார்கள். எங்கள் லீக்கில் எட்டுக் கல்லூரி. நாங்களும் எங்களுக்குள் மோதிக்கொள்கிறோம். ஒரு பத்திரிகைக்காரன் வந்து எட்டிப் பார்த்ததில்லை. உங்கள் கல்லூரி எதுவும் எங்களோடு ஆட வந்ததில்லை. இங்கே பக்கத்திலேயே இருக்கிற வெள்ளையர் கல்லூரிகள் எங்களோடு ஒரே மைதானத்தில் நிற்பதுகூட இல்லை. எங்களோடு ஆடித் தோற்கடித்துவிட்டு 'நீ பலவீனம்' என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். ஆடாமலே சொல்கிறாயே, அதுதான் தாங்கவில்லை.

பேசிப் பயனில்லை. அதனால் இந்தப் பார்சலில் மூன்று படச்சுருள் அனுப்புகிறேன். அக்டோபர் கடைசியில் நாங்கள் ஆடிய ஆட்டம். எடுத்தவர் எங்கள் வேதியியல் ஆசிரியர், படம் கொஞ்சம் ஆடும். நீ 74ஆம் எண்ணை மட்டும் பார். பெயர் பெர்சி கெய்தர். 255 பவுண்டு. பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி திறந்துவிடுவது அவன் வேலை. அவன் திறக்கிற வழியில் என் மாமியாரே ஓடிப் பத்து கஜம் எடுப்பார். இரண்டாம் வருஷ மாணவன்தான். இன்னொன்றும் சொல்கிறேன், வயிறு எரியட்டும்: இவனுக்கு ஜூனியஸ் என்று ஒரு தம்பி, பள்ளியில் கடைசி வருஷம். அண்ணனைவிடப் பெரியவன். வரும் செப்டம்பரில் அவனும் என்னிடம் வருகிறான்.

பார்த்துவிட்டு எழுது.

லூஷியஸ்

*

ஸ்டில் ரிவர், மினசோட்டா
5 டிசம்பர் 1965

அன்புள்ள லூஷியஸ்,

படச்சுருள் பத்திரமாக வந்தது. இங்கே ஏரி உறைந்துவிட்டது. எங்கள் பருவம் முடிந்தது. ஆறு வெற்றி, நான்கு தோல்வி.

படத்தை நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். முதலில் வேடிக்கையாக. பிறகு பென்சிலும் தாளுமாக. உன் 74ஆம் எண் இருபத்தேழு முறை எதிராளியை நேருக்கு நேர் சந்தித்தான். இருபத்து நான்கு முறை எதிராளி தரையில் கிடந்தான். நான் எழுதிவைத்த கணக்கு இது, மிகையில்லை.

ஆனால் லூஷியஸ், ஒருவன் நன்றாக ஆடுகிறான் என்பதால் ஒரு லீக் நல்லது ஆகிவிடாது. உன் லீக்கின் முதல் இரண்டு அணிகள் எங்களில் யாரோடும் சமமாக மோதும் என்று ஒத்துக்கொள்கிறேன். இதை நான் இதுவரை எழுதியதில்லை, குறித்துக்கொள். மற்ற ஆறு? எங்களுக்கு ஏழு சனிக்கிழமை தொடர்ந்து கடினமான ஆட்டம். ஒரு வாரம்கூட மூச்சு விட முடியாது. உன் பையன்களுக்கு அப்படி ஒரு பருவம் அமைந்தால், நவம்பரில் எத்தனை பேர் நிற்பார்கள்? லீக்கின் பலம் உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நீ கோபப்படுவாய். ஆனாலும் உண்மையாக நினைப்பதைத்தான் எழுதுகிறேன்.

படச்சுருளைக் கிறிஸ்துமஸ் முடியும்வரை வைத்துக்கொள்ளலாமா? எங்கள் படம் போடும் அறையில் நல்ல திரை இருக்கிறது. பெர்சியின் முதல் அடியெடுப்பை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவன் தம்பி உண்மையிலேயே அவனைவிடப் பெரியவனா?

கோராவுக்கு என் அன்பு.

ஆர்விட்

*

ஹாலோ பெண்ட்
16 ஜனவரி 1966

ஆர்விட்,

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் பெர்சி என் அறைக்கு வந்தான். கதவருகிலேயே நின்றான்.

"கோச், எங்க வீட்டுக்கு ஒருத்தரு வந்திருந்தாராம். அம்மா சொன்னாங்க."

"யாருடா?"

"வெள்ளக்காரரு. ஒட்டகக் கலர்ல கோட்டு. மினசோட்டாவுலேருந்து. தம்பிய அங்க வந்து படிக்கச் சொல்றாராம். படிப்பு, சாப்பாடு, தங்கற எடம் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம். அண்ணன் ஆடறத படத்துல பாத்தோம், தம்பி அவனவிடப் பெரியவனாமேன்னு கேட்டாராம்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அந்தப் படத்தை எடுக்கச் சொன்னது யார், அது யாரிடம் போனது என்று அவனுக்குத் தெரியும். தபால் ஆபீசுக்குப் பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்தவனே அவன்தான்.

ஹாலோ பெண்டில் ஜூனியஸ் கெய்தர் என்று ஒருவன் இருக்கிறான் என்று இந்தப் பூமியில் எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. உனக்கு மட்டும் எழுதினேன்.

எங்கள் லீக் பலவீனம் என்றாய். பலவீனமான லீக்கில் உன் ஆளுக்கு என்ன வேலை?

லூஷியஸ் டார்ப்லி

*

ஸ்டில் ரிவர்
30 ஜனவரி 1966

அன்புள்ள லூஷியஸ்,

உன் கடிதத்தில் நீ முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும் நிலைமை புரிந்தது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். டிசம்பர் 14, செவ்வாய். படம் போடும் அறையில் தனியாக உன் சுருளை ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பெரிய கோச் காபியோடு உள்ளே வந்தார். ஐந்து நிமிஷம் நின்றபடியே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஹோம்குவிஸ்ட், யாருய்யா இந்த 74?"

சொன்னேன். அவன் ஏற்கெனவே கல்லூரியில் இருக்கிறான், இங்கே மாறி வந்தால் விதிப்படி ஒரு வருஷம் ஆட முடியாது, வர மாட்டான் என்றும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டார். அப்போது என் வாயிலிருந்து வந்தது: "இவனுக்கு ஒரு தம்பி இருக்கானாம் சார். இவனவிடப் பெரியவனாம்."

ஏன் சொன்னேன் என்று ஆறு வாரமாக யோசிக்கிறேன். எட்டு வருஷமாக அவருக்குக் கீழே இருக்கிறேன். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, அவர் திரும்பிப் பார்த்தார். அது பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

அவர் ஆள் அனுப்பியது எனக்கு ஜனவரியில்தான் தெரியும். அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

படச்சுருள்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

ஆர்விட்

*

ஸ்டில் ரிவர்
6 மார்ச் 1966

அன்புள்ள லூஷியஸ்,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. இருந்தாலும் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பெரிய கோச்சிடம் போய், கெய்தர் வீட்டுப் பையனை விட்டுவிடலாம் என்று சொன்னேன். "நல்லா ஆடுவானா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றார். நன்றாக ஆடுவான் என்றேன். "அப்புறம் என்னய்யா?" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பிறகு நடந்த கூட்டத்தில் வேறொன்று கேட்டேன். அடுத்த செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கு உங்கள் கல்லூரியை இங்கே அழைக்கலாமே என்றேன். மேஜையைச் சுற்றி ஏழு பேர். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் கேட்டதைத்தான் உனக்கு எழுத நினைத்தேன்: "ஜெயிச்சா நமக்கு ஒரு பேரும் இல்ல. தோத்துட்டா?" அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

பன்னிரண்டு வருஷமாக நீ சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். தோற்றுவிடுவோமோ என்ற பயம் அந்த அறையில் இருந்தது. எனக்கும் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆர்விட்

*

ஹாலோ பெண்ட்
20 மார்ச் 1966

ஆர்விட்,

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு வேலை இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

போன ஞாயிறு, தேவாலயம் முடிந்ததும் ஓலாம்மா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். பையன்களின் அம்மா. கணவர் இறந்து ஒன்பது வருஷம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நின்று நின்று இரண்டு மலைகளை வளர்த்தவர். முன்னறையில் உட்காரவைத்து, பொரித்த கோழியும் பிஸ்கட் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். எனக்கு எதிரே பெர்சி, அவன் பக்கத்தில் ஜூனியஸ். சோபா இரண்டு பேருக்கும் போதவில்லை.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். எங்கள் லீக்கிலிருந்து தொழில்முறை அணிகளுக்குப் போனவர்கள் பெயரெல்லாம் மனப்பாடம். உங்கள் லீக்கின் கடைசி அணி இரண்டு வருஷமாக ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, அதையும் தயாராக வைத்திருந்தேன். பத்து நிமிஷம் பேசினேன். ஓலாம்மா கையைத் தூக்கினார்.

"கோச், எந்த லீக் பெருசுன்னு எனக்கு வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எம்புள்ளைக்கு முட்டி ஒடஞ்சா யாரு பாத்துக்குவா?"

போன வருஷம் பெர்சிக்குத் தோள் மூட்டு நழுவியதே, அப்போது நானும் வேதியியல் ஆசிரியருமாகச் சேர்ந்து இழுத்துப் போட்டோம். பக்கத்து மருத்துவமனையில் கறுப்பர்களுக்கான வார்டில் எட்டு மணி நேரம் காத்திருந்தோம், டாக்டர் வரவில்லை. அதே மருத்துவமனையில்தான் ஓலாம்மா வேலை பார்க்கிறார். அவர் துவைத்த போர்வையில்தான் பெர்சியைப் படுக்க வைத்திருந்தோம். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அங்க டாக்டர் இருக்காரு ஓலாம்மா. அணிக்குன்னே ரெண்டு பேரு. இங்க நான் இருக்கேன்."

"நீங்க நல்லவரு. ஆனா முட்டிய ஒட்டவைக்க உங்களால முடியாதே."

அப்போது ஜூனியஸ் கேட்டான். அவன் அதிகம் பேச மாட்டான். "கோச், நம்ம லீக் அவங்கள விடக் கம்மியா?"

"இல்லடா. ஒரு அங்குலம்கூடக் கம்மி இல்ல."

"அப்ப ஏன் அங்க போகச் சொல்றீங்க?"

ஆர்விட், நான் போகச் சொல்லவே இல்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரு துண்டு கோழியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பெர்சிதான் தம்பியின் தோளில் கை போட்டு, "போடா. போய் அவனுங்களுக்குக் காட்டு. நான் இங்க இருக்கேன்" என்றான்.

ஆக, அவன் வருகிறான். சொல்வதைக் கேள். அவனுக்குக் கணக்கு நன்றாக வரும், ஆனால் தெரியாததைக் கேட்க வெட்கப்படுவான். வகுப்பில் பின்வரிசையில் உட்கார விடாதே. குளிர்காலக் கோட்டு அவனிடம் இல்லை, அவன் அளவுக்குக் கடையிலும் கிடைக்காது, தைக்கத்தான் வேண்டும். உங்கள் ஊரில் எங்கள் ஆட்களுக்கு முடி வெட்டத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா? இதை நீ யோசித்தே இருக்க மாட்டாய். யோசி. ஞாயிற்றுக்கிழமை அவனைத் தனியாக விடாதே. பெரிய கோச்சின் வேலை அல்ல இது, உன் வேலை. அவனைப் பற்றி வாயைத் திறந்தது நீதான்.

லூஷியஸ்

*

ஸ்டில் ரிவர்
13 நவம்பர் 1966

அன்புள்ள லூஷியஸ்,

ஜூனியஸ் உனக்குத் தனியாக எழுதுகிறான் என்று தெரியும். ஆனாலும் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

முதல் பனி அக்டோபர் 20 அன்று விழுந்தது. அவன் மைதானத்தின் நடுவில் நின்று, கையுறையைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் எடுத்துத் தின்று பார்த்தான். "கோச், இதுல ஒரு ருசியும் இல்லையே" என்றான். கோட்டை என் மனைவி இங்ரிட் தைத்தாள். உள்துணிக்குத் திரைச்சீலைதான் அவ்வளவு அகலத்துக்குக் கிடைத்தது, வெளியே தெரியாதபடி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள்.

முடி வெட்டும் விஷயத்தை நீ சொன்னது சரி. நான் யோசித்ததே இல்லை. இங்கிருந்து எழுபது மைல், மினியாபொலிஸில் ஒரு கடை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன். முதல் தடவை நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. இப்போது எனக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்கள். போன வாரம் அங்கே ஒரு பெரியவர் உங்கள் லீக்கா எங்கள் லீக்கா என்று என்னைப் பிடித்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம். வாதத்தில் அவர் உனக்குக் குறைந்தவர் இல்லை. தோற்றுத்தான் வெளியே வந்தேன்.

முதல் வருஷ மாணவர்கள் எங்கள் லீக்கில் பெரிய அணிக்கு ஆட முடியாது, உனக்குத் தெரியும். பயிற்சியில் மட்டும் மூத்தவர்களோடு மோதுகிறான். எங்கள் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரன் என்று பத்திரிகைகள் எழுதுகிற பையன் ஒருவன் இங்கே இருக்கிறான். செவ்வாய்க்கிழமை ஜூனியஸ் அவனை மூன்று முறை தொடர்ந்து உட்காரவைத்தான். மூன்றாவது முறை கை கொடுத்துத் தூக்கியும் விட்டான். பள்ளியில் இருந்தபோதே கோடை முழுக்க உங்கள் பையன்களோடு பயிற்சிக்கு வருவானாம், அங்கே கற்றதாம்.

பெரிய கோச் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இந்த மாதிரி அங்க இன்னும் எத்தன பேரு இருக்கானுங்க? யாரு யாரு? உனக்குத்தான் தெரியுமே." எனக்குத் தெரியும். நீ எழுதிய கடிதங்களில் எட்டுப் பெயர் இருக்கிறது.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அவர் நம்பவில்லை. பரவாயில்லை. அவர் வேறு வழியில் ஆள் அனுப்புவார், அதைத் தடுக்க என்னால் முடியாது. என் வாய் வழியாகப் போகாது, அவ்வளவுதான்.

உன் லீக்கைப் பற்றி நான் எழுதியதில் பாதி தவறு. எந்தப் பாதி என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆர்விட்

*

ஹாலோ பெண்ட்
18 ஜூன் 1967

அன்புள்ள ஆர்விட்,

பையன் ஊர் வந்து சேர்ந்தான். கோட்டையும் கொண்டுவந்திருக்கிறான், இந்த வெயிலில். அம்மாவிடம் காட்டவாம். ஓலாம்மா அதைத் திருப்பி, உள்தையலைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். "தெச்சவ கைகாரி" என்றார். இங்ரிட்டிடம் சொல்லிவிடு. ஓலாம்மாவிடம் அந்த வார்த்தை வாங்குவது லேசில்லை.

நேற்றுச் சனிக்கிழமை அவர்கள் வீட்டில் மீன் பொரித்தார்கள். நானும் கோராவும் போயிருந்தோம். சாப்பாடு ஆகிற நேரத்தில் அண்ணனும் தம்பியும் வாய்ச்சண்டை. "உங்க லீக்கு", "எங்க லீக்கு" என்று நானும் நீயும் எழுதியதையெல்லாம் அவர்கள் பேசுகிறார்கள். ஜூனியஸ் உங்கள் கட்சி பேசுகிறான்! ஓலாம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

"ரெண்டு லீக்கும் எங் கொல்லையிலதான நிக்குது? பேசினது போதும், மோதித் தொலைங்கடா. கொடியில துணி காயுது. அதத் தொட்டீங்க, ரெண்டு பேருக்கும் மீன் கெடையாது."

ஹெல்மெட் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று விரலைத் தரையில் ஊன்றி எதிரெதிராகக் குனிந்தார்கள். நான் கைதட்டினேன். முதல் மோதலில் பெர்சி தம்பியைக் கோழிக்கூடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். கோரா எழுந்து நின்று கத்துகிறாள். இரண்டாவதில் ஜூனியஸ் என்னவோ செய்தான், எனக்கு முதலில் பிடிபடவில்லை. பெர்சி தக்காளிப் பாத்தியில் உட்கார்ந்திருந்தான். மூன்றாவதில் இரண்டு பேரும் நகரவே இல்லை. நெற்றியும் நெற்றியும் முட்டி, மூச்சு வாங்கி, பிறகு யாரோ சிரிக்க ஆரம்பித்து, இரண்டு மலையும் ஒன்றாகச் சாய்ந்தன.

"யாரு ஜெயிச்சது ஓலாம்மா?" என்றேன்.

"ரெண்டையும் பெத்தவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இனி சொல்வதைச் சிரிக்காமல் படி. இந்த வருஷம் எங்கள் மாவட்டத்திலிருந்து இன்னும் மூன்று பையன்கள் வடக்கே போகிறார்கள். நீ சொல்லவில்லை என்று தெரியும். பக்கத்து மாநிலத்து வெள்ளையர் கல்லூரி ஒன்றும் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறதாம். பையன்களுக்கு நல்லதுதான். கதவு திறக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டதுதான். ஆனால் அந்தக் கதவு வழியாக வெள்ளையர் யாரும் எங்கள் கல்லூரிக்குள் வரவில்லை, எங்கள் பையன்கள்தான் வெளியே போகிறார்கள். பத்து வருஷம் போனால் எங்கள் லீக் பலவீனமாகத்தான் இருக்கும். அப்போது யாராவது வந்து ஆடி எங்களை ஜெயிப்பார்கள், எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று பத்திரிகையில் எழுதுவார்கள். அந்த நாளில் நீ எனக்கு 'நான் அப்போதே சொன்னேன்' என்று ஒரு வரி எழுதினாய் என்றால், ஆர்விட், பஸ் பிடித்து மினசோட்டாவுக்கு வந்து உன்னைத் தக்காளிப் பாத்தியில் உட்காரவைப்பேன்.

சாப்பிட்ட பிறகு ஜூனியஸை மறுபடி குனியச் சொன்னேன். அந்த இரண்டாவது மோதலை மெதுவாகச் செய்து காட்டச் சொன்னேன். உள்பக்கக் காலை ஆறே அங்குலம், ஒரு சாண்கூட இல்லை, முன்னால் வைக்கிறான். இடுப்பு அதற்குப் பிறகுதான் திரும்புகிறது. எதிராளி சாயும்போது இவன் தோள் அவன் மார்புக்கு அடியில் இருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னான்.

நாளை மறுநாள் எங்கள் கோடைப் பயிற்சி தொடங்குகிறது. முதல் நாளே என் பையன்களுக்கு அதைச் சொல்லித்தரப் போகிறேன். எங்கே கற்றேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

லூஷியஸ்